வறுத்த ரவையும் மின்புலமும்

காய்கறிக்காரர் கத்தரிக்காயைக் கையில் எடுத்துக் காட்டி விற்கலாம், துணிக்கடைக்காரர் புடவையை உதறி விரித்துக் காட்டி விற்கலாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு மின்புலம் நடத்துகிற டீச்சர் மட்டும் வெறும் காற்றைச் சுட்டிக்காட்டி, "இங்கதான் இருக்கு, நம்பு" என்று சொல்லிப் பிழைக்க வேண்டும்.

ஜூன் மாதம் பிறந்தாலே கலங்கிப்போகிற சக இயற்பியல் ஆசிரிய ஜீவன்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே அதுதான். லீவு முடிந்து பாதித் தூக்கத்தில் வந்திருக்கிற பிள்ளைகளிடம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கொண்டுபோய் நீட்ட வேண்டும்.

இந்த வருஷம் எனக்கு இன்னொரு கலக்கமும் சேர்ந்துகொண்டது. மன்னார்குடிக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரம் இருக்கிறது எங்கள் மேல்நிலைப் பள்ளி. திறந்த அன்றே எச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். இயற்பியல் இருக்கிற ஃபர்ஸ்ட் குரூப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், இந்த முறையும் பதினொன்றாம் வகுப்பில் போதிய பேர் சேரவில்லை என்றால் அந்தக் குரூப்பையே எடுத்துவிடுவார்கள், என்னை உபரி ஆசிரியர் என்று சொல்லி எந்த மாவட்டத்துக்கு வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள் என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கக் கோபப்பட்டேன். இந்த ஊரையும் இந்தப் பிள்ளைகளையும் விட்டுப் போக எனக்கு மனசே இல்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தனித்தனியாக முடிவெடுக்க மாட்டார்கள். கூட்டமாகத்தான் எடுப்பார்கள். பத்தாவது முடித்த இந்த வருஷக் கூட்டத்துக்குத் தலைவி யாழினி. அவள் எந்தக் குரூப்போ, அதுதான் அவள் தோழிகள் அத்தனை பேருக்கும். யாழினியின் அக்கா வினோதினி என் பன்னிரண்டாம் வகுப்பில் முதல் பெஞ்சு. வீட்டுக்குப் போய் அக்கா இயற்பியலைப் பற்றி என்ன சொல்கிறாளோ, அதில் தொங்கிக்கொண்டிருந்தது என் பிழைப்பு. அந்த அக்கா அப்போது படிக்க ஆரம்பித்திருந்த பாடம், சொல்லவே வேண்டாம், மின்புலம்தான்.

எண்ணெய்த் தலைகள்

சீப்பால் தலையை வாரு, துண்டுக் காகிதத்தின் அருகே கொண்டு போ, காகிதம் துள்ளி ஒட்டிக்கொள்ளும். உலகம் முழுக்க மின்னூட்டத்தை இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். இதை எழுதியவர் யாராக இருந்தாலும் எங்கள் ஊர்த் தலைகளைப் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்வேன். தேங்காயெண்ணெய் நெற்றியில் வழிய, வழித்துப் பின்னிய இரட்டைச் சடைகள் ஒரு பக்கம். பளபளவென்று படிய வாரிய கிராப்புகள் இன்னொரு பக்கம். வகுப்பே மும்முரமாக வாரியது. ஒரு காகிதமாவது அசைய வேண்டுமே! அருள்ராஜ் என்கிற கடைசி பெஞ்சுப் பையனின் சீப்பில் மட்டும் காகிதம் ஒட்டியது. எடுத்துப் பார்த்தால் எண்ணெயில் ஊறி ஒட்டியிருக்கிறது.

"எண்ணெய் வைக்காத தலை ஒண்ணாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். யோசித்து யோசித்து, வேதியியல் அந்தோணிசாமி சார் தலையைச் சொன்னார்கள். அவருக்கு எண்ணெயும் கிடையாது, முடியும் கிடையாது. சரி, நாளைக்கு எல்லாரும் தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள் என்றால், நாளைக்கு வியாழக்கிழமையாம். பெண்பிள்ளைகளுக்கு வெள்ளி, ஆண்பிள்ளைகளுக்கு சனி, இதை மாற்ற எந்த அம்மாவும் ஒத்துக்கொள்ள மாட்டாராம். ஆக, நிலை மின்னியலை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை சீயக்காய் மணக்க மணக்க வந்தார்கள். நுனியில் மட்டும் முடிச்சுப் போட்டு, மேலே மல்லிகைச் சரம் வைத்து, ஒவ்வொரு தலையும் முதுகுச் சட்டையை நனைத்துக்கொண்டு சொட்டியது. சீப்பை எடுத்த வினோதினி அதை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், காகிதம் துள்ளணும்னா முதல்ல எங்கள மொட்டை மாடியில காயப்போடணும்."

பூ போட்ட வாய்க்கால்

சீப்பு வேண்டாம், பலூன் போதும் என்று முடிவு செய்தேன். பலூனைக் கம்பளியில் தேய்த்துச் சுவரில் வைத்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும். கம்பளிக்காக என் வீட்டுக்காரரின் மஃப்ளரை அவருக்குத் தெரியாமல் எடுத்து வந்தேன். மார்கழியில் தவிர அவர் அதைத் தேட மாட்டார். ஆனால் நான் பலூன் ஊதிய அன்றுதானா அது நடக்க வேண்டும்! மேட்டூரில் திறந்த தண்ணீர் ஆறு ஆறாகப் பிரிந்து எங்கள் பள்ளிக்கூட வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் வருகிற சத்தம் வகுப்புக்கே கேட்டது. பாதி வகுப்பு ஜன்னலில் தொங்கியது. கரையில் ஊர் ஜனம் நின்று பூவையும் நெல்லையும் வாரி இறைத்தது.

அதோடு காற்றும் ஈரமாகிவிட்டது. பலூன் சுவரில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. தேய்க்கத் தேய்க்க, ஏறிய மின்னூட்டமெல்லாம் ஈரக்காற்றோடு போய்விட்டது. இதையாவது பாடமாக நடத்தலாம் என்று திரும்பினால் வகுப்பில் யாரும் இல்லை, எல்லாரும் கரைக்குப் போய்விட்டார்கள். கையில் பலூனும் கழுத்தில் மஃப்ளருமாகக் கரைக்குப் போனேன். அங்கே எச்.எம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைநிறையப் பூவோடு நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊரே தண்ணி வந்துச்சுன்னு சிரிக்குது, நீங்க ஒருத்தர்தான் டீச்சர் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க."

எச்.எம். அறை வாசல்

சோதனைகள் கைவிட்ட பிறகு வாய்ச்சொல்தான் மிச்சம். ஒரு மின்னூட்டம் இருந்தால் அதைச் சுற்றியுள்ள இடமே மாறிவிடுகிறது, இன்னொரு மின்னூட்டத்தை அங்கே கொண்டு வந்து வைத்தால் அதன் மீது விசை தெரியும், அந்த இடத்துக்குத்தான் மின்புலம் என்று பேர் என்றேன். வகுப்பு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து அருள்ராஜ் எழுந்தான். "எச்.எம். ரூம் வாசல் மாதிரியா டீச்சர்?" என்றான். அந்தப் பக்கம் போனாலே சட்டையை உள்ளே விட்டுக்கொள்கிறோம், கிட்டப் போகப் போக நடை மாறுகிறது, மாடிப் படிக்கட்டுக்கு அப்பால் போய்விட்டால் ஒன்றும் தெரிவதில்லை என்றான். எனக்கு அவனைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது. தூரம் கூடினால் புலம் குறையும், எழுதிக்கோ!

"சரி, வராந்தாவில ஒரு பையன்கூட இல்ல. அப்ப புலம் இருக்கா, இல்லையா?" என்று கேட்டேன். இந்த ஒரு கேள்வியில்தான் வருஷா வருஷம் வகுப்பே கவிழும். இந்த முறை வகுப்பு ஒரே குரலில், "சார் உள்ள இருந்தா இருக்கும் டீச்சர்!" என்று கத்தியது. நான் ஆனந்தத்தில் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். ஜன்னலில் எச்.எம். நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, யாருக்குத் தெரியும். அவர் உள்ளே வந்து, நான் பலகையில் வரைந்த வட்டத்தையும் அதைச் சுற்றி வெளியே பாய்கிற அம்புகளையும் பார்த்தார். வட்டத்துக்குள் அவர் முகத்துக்கு மீசைகூட வரைந்து வைத்திருந்தேன். "இதுல நான் நேர்மின்னூட்டமா, எதிர்மின்னூட்டமா?" என்று கேட்டார். அருள்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு மிகுந்த மரியாதையுடன் பதில் சொன்னான்: "நேர்மின்னூட்டம்தான் சார், நாங்க எல்லாரும் உங்கள விட்டு விலகித்தானே ஓடுறோம்."

முடிக்காத கோலம்

அந்த மகிழ்ச்சி மறுநாள் வரைதான். ஒரு நேர்மின்னூட்டம், பக்கத்தில் ஓர் எதிர்மின்னூட்டம், இரண்டுக்கும் நடுவே விசைக்கோடுகள் வரைந்து வரச் சொல்லியிருந்தேன். வினோதினியின் தாளைப் பார்த்து அசந்துபோனேன். அவ்வளவு அழகு. இரண்டு புள்ளிகளையும் சுற்றி வளைந்து வளைந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கடைசியில் ஆரம்பித்த இடத்திலேயே வந்து சேர்கிற கோடு. அசல் சிக்குக் கோலம். அவள் தெருவில் மார்கழிக்கு மார்கழி அவள் வாசலைப் பார்க்கத்தான் கூட்டம் கூடும். ஆனால் விசைக்கோடு ஒன்றையொன்று வெட்டாது. நேர்மின்னூட்டத்தில் ஆரம்பித்து எதிர்மின்னூட்டத்தில் முடிந்துவிடும், திரும்பி வந்து மூடிக்கொள்ளாது. அழகு என்பதற்காக மதிப்பெண் போட முடியுமா? குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன்.

பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தமே இல்லை, கண்ணீர் மட்டும் தாளில் சொட்டுகிறது. வீட்டுக்குப் போயும் அழுதிருக்கிறாள். மறுநாள் அவளுடைய அம்மா செல்வராணி பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். கோபமில்லை, பாவம். "அக்கா அழுவுறதப் பாத்துட்டு சின்னவ காமர்ஸுக்குப் போறேங்குறா டீச்சர்" என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். சின்னவள் போனால் அவள் கூட்டமும் போகும், கூட்டம் போனால் குரூப்பும் போகும், பின்னாலேயே என் பெட்டி படுக்கையும் போகும். வினோதினியைத் தனியே கூப்பிட்டு, கோடு ஏன் பாதியிலேயே நிற்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி சொன்னாள்: "கோட்டைச் சேக்காம விட்டா வீட்டுக்கு ஆகாது டீச்சர், எங்கம்மா கைமேலயே போடும்."

செல்வராணி செய்த ரவை

இனி கண்ணால் காட்டாமல் முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்தோணிசாமி சார்தான் வழி சொன்னார். அவர் தஞ்சாவூரில் கல்லூரியில் படித்தபோது ஒரு சோதனை பார்த்தாராம். கண்ணாடித் தட்டில் விளக்கெண்ணெய், அதன் மேல் ரவை, இரண்டு பக்கமும் இரண்டு கம்பி. கம்பிகளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால் ரவை தானாகவே விசைக்கோடு போல வரிசை கட்டுமாம். ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு எங்கே போவது என்று நாங்கள் இருவரும் விழித்தபோது அருள்ராஜ் குறுக்கே புகுந்தான். கொசு பேட்டில் கொசு பட்டால் பட்டென்று வெடிக்கிறதே, அதில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டான். அவனை இரண்டாவது முறையாகக் கொஞ்சத் தோன்றியது. நான்தான் கம்பிகளை இணைப்பேன், வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். மறுநாள் சேர்க்கைக்காகப் பெற்றோர்கள் வருகிற நாள். அங்கேயே வைத்துக் காட்டிவிடுவது என்று தீர்மானம்.

ரவை நமுத்திருந்தால் எண்ணெயில் கட்டி கட்டியாக நிற்கும். அதனால் வினோதினியிடம், "வீட்ல அம்மாகிட்டச் சொல்லி நாளைக்குக் கொஞ்சம் ரவையை வறுத்து எடுத்துட்டு வா" என்றேன். மறுநாள் காலை அவளும் அம்மாவும் யாழினியுமாக வந்தார்கள். அம்மா கையில் பெரிய அடுக்குக் கேரியர். திறந்தால் ஆவி பறக்கிறது! கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, பச்சைப் பட்டாணி, மேலே நெய்யில் பொரித்த முந்திரி. பள்ளிக்கூடத்துக்கு ஆட்கள் வருகிற நாளில் டீச்சர் ரவை வறுக்கச் சொன்னால் வேறு எதற்கு இருக்கும் என்று, செல்வராணி பாதி ராத்திரிக்கே எழுந்து வேலையை முழுதாக முடித்துக் கொண்டு வந்திருந்தார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு, இது வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சத்துணவுக் கூடத்தில் ஒரு பிடி வெறும் ரவை வாங்கி வாணலியில் போடச் சொல்லி அருள்ராஜை விரட்டினேன். அதற்குள் அந்தோணிசாமி சார் கேரியர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்: "டீச்சர், மின்புலம் எங்கயும் போயிடாது, இது ஆறிப்போயிடும், தட்டு எடுங்க."

டீக்கடை பேட்

உப்புமா மணம் என்ன வேலை செய்தது தெரியுமா? சேர்க்கை நடக்கிற அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பெற்றோரும் பிள்ளைகளோடு எங்கள் ஆய்வகத்துக்கு வந்துவிட்டார்கள். அக்கவுண்டன்சி டீச்சர் உட்பட. தொன்னையில் உப்புமாவோடு கூட்டம் மேஜையைச் சூழ்ந்து நின்றது. யாழினியும் அவள் தோழிகளும் ஒரு மூலையில், காமர்ஸ் முகத்தோடு. நான் தட்டில் விளக்கெண்ணெய் ஊற்றி, வறுத்த ரவையைத் தூவி, கம்பிகளை வைத்து, அருள்ராஜ் வீட்டு பேட்டின் பட்டனை அழுத்தினேன். ஒன்றுமில்லை. முதல் நாள் ராத்திரி அவர்கள் தெருவில் கரண்ட் இல்லையாம், பேட்டில் சார்ஜே ஏறவில்லையாம். எச்.எம். அறையில் ஒரு பேட் உண்டு. ஓடிப் போய் எடுத்து வந்தால் அதில் வலையே கிழிந்திருக்கிறது. செல்வராணி என்னைப் பார்த்த பார்வையில், இந்த டீச்சருக்காகவா ராத்திரியெல்லாம் கண் விழித்தோம் என்று எழுதியிருந்தது. பெட்டியில் எந்தப் புடவையை முதலில் வைப்பது என்றுகூட நினைத்துவிட்டேன்.

கூட்டத்தில் ஒருவர் வாய் நிறைய உப்புமாவோடு, "எதிர்த்தாப்புல டீக்கடையில ஒண்ணு தொங்குதே" என்றார். வாய்க்கால் கரை டீக்கடை. அங்கே பேட்டுக்கு ஓய்வே கிடையாது, எந்நேரமும் சார்ஜில்தான் இருக்கும். கடைக்காரரே பேட்டை ஏந்திக்கொண்டு வந்தார். கம்பிகளை மாட்டி, எல்லாரையும் ஓரடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அழுத்தினேன். முதலில் ஒரு ரவை மணி அசைந்தது. பக்கத்து மணி திரும்பியது. பிறகு எண்ணெய்க்குள் அத்தனை ரவையும் மெல்ல மெல்ல நகர்ந்து, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு, ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு வில் வில்லாக வளைந்து நின்றது. அடேயப்பா! இத்தனை வருஷமாக நான் பலகையில் வரைந்த படம் அது. நானே அன்றுதான் கண்ணால் பார்க்கிறேன். வாயில் இருந்த உப்புமாவைக் கூட்டத்தில் யாரும் மெல்லக்கூட இல்லை.

"ஒண்ணும் ஒண்ணும் வெட்டவே இல்ல டீச்சர்!" என்று கத்தினாள் வினோதினி. என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்துத் தட்டைக் காட்டினாள். "பாரும்மா, இங்க ஆரம்பிக்குது, அங்க போய் முடிஞ்சுடுது. திரும்பி வரவே இல்ல, இதுக்குத்தான் டீச்சர் சிவப்புக் கோடு போட்டாங்க." ஒவ்வொரு பெற்றோராகக் கூப்பிட்டு விளக்கினாள். போன வாரம் அழுத பெண் இவளா? செல்வராணி குனிந்து பார்த்தார், நாற்று நட்ட மாதிரி எவ்வளவு ஒழுங்கு என்று சொல்லிக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். சிங்கப்பூரில் வேலை செய்கிற அவர் வீட்டுக்காரரை வீடியோ காலில் கூப்பிட்டு, போனைத் தட்டுக்கு மேலே பிடித்தார். அந்த மனிதர் அங்கிருந்து, "உப்புமாவ ஏன் எண்ணெயில போட்டிருக்கீங்க?" என்று கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

சிரிப்பு அடங்கியபோது பட்டனிலிருந்து விரலை எடுத்திருந்தேன். யாழினி எப்போது மூலையை விட்டு வந்தாளோ தெரியவில்லை, மேஜை விளிம்பில் முகவாயை வைத்துத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அமுக்குறத விட்டுட்டீங்கல்ல டீச்சர், அப்புறமும் வரிசை கலையலையே. புலம் போயிடுச்சா, இல்ல இன்னும் அங்கயேதான் நிக்குதா?" என்றாள். சக ஜீவன்களே, இப்படி ஒரு கேள்விக்காக நாம் எத்தனை ஜூன் மாதம் காத்திருக்கிறோம்! பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடித்து நிறுத்திக்கொண்டேன். நானும் வியாபாரிதானே. "அது ஃபர்ஸ்ட் குரூப்புல பன்னெண்டாவது வரும்போது சொல்லித் தருவேன்" என்றேன். அவள் தோழிகளைப் பார்த்தாள். தோழிகள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற எச்.எம். கழுத்தை நீட்டிப் பார்த்தார். யாழினி நிமிர்ந்து, என் கையிலிருந்த பேட்டைப் பிடுங்காத குறையாகச் சொன்னாள்: "நாங்க எல்லாரும் சேந்துக்குறோம் டீச்சர், ஆனா பதில இப்பவே சொல்லிடுங்க, ரெண்டு வருஷமெல்லாம் என்னால தாங்க முடியாது."

கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒரு பிடி ரவையும் கொஞ்சம் விளக்கெண்ணெயும் கைவசம் இருக்கட்டும், மிச்சத்தை உப்புமாவும் கொசுவும் பார்த்துக்கொள்ளும்.